ஏலக்காய் வகுப்புக் குறிப்புகள்: பச்சைக்கு என்ன விலை?

ரெண்டு கிண்ணத்துல ஏலக்காய். ஒண்ணுல கொழுகொழுன்னு, கிளிப்பச்சை நிறத்துல, ஒரு புள்ளி கூட இல்லாத காய். இன்னொண்ணுல சின்னதும் பெரிசும் கலந்து, வெளிறிப் போய், சிலது வாய் பிளந்து, சிலது மேல சொறி பிடிச்ச காய். எது நல்ல ஏலக்காய்?

எங்க ஞாயிற்றுக்கிழமை வகுப்புல கேட்ட முதல் கேள்வி இதுதான். புதுசா படிக்கிறவங்களுக்காக: சென்னையில எங்க அபார்ட்மென்ட் ஹால்ல மாசம் ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, சமையலறையில இருக்கிற ஏதாவது ஒரு பொருளை எடுத்து அதோட வரலாறையும் அறிவியலையும் ரெண்டு மணி நேரம் நோண்டுவோம். வர்றவங்க பேங்க், ஐ.டி., பல் டாக்டர், ரிட்டயர்டு ஆனவங்கன்னு எல்லாரும் வளர்ந்த ஆளுங்க. பரீட்சை கிடையாது. சமையல் வகுப்பும் கிடையாது. எண்ணெய் வேதியியலாளரா இருந்துக்கிட்டே இந்திய உணவு வரலாறு எழுதின கே.டி. அச்சயா, சாப்ட்வேர்ல இருந்துக்கிட்டே 2020-ல 'மசாலா லேப்' எழுதின கிரிஷ் அசோக், இவங்க ரெண்டு பேர் புத்தகத்தையும் வாசிச்ச தைரியத்துல ஆரம்பிச்ச வேலை. புளி, பெருங்காயம், உப்பு எல்லாம் முடிஞ்சு இந்தத் தடவை ஏலக்காய். என் அம்மா ஊர் போடிநாயக்கனூர் பக்கம் பொட்டிபுரம்ங்கிறதால இதை நான்தான் நடத்தணும்னு முடிவாச்சு. அதுக்குத் தயாரிச்ச குறிப்புகள்தான் கீழே இருக்கு, கொஞ்சம் விரிச்சு எழுதியிருக்கேன்.

பேர்ல இருந்து தொடங்கலாம். போடியில ஏலத்தை ஏலம் விடுறாங்க. இந்த ரெண்டு 'ஏலம்'மும் ஒரே சொல்லுன்னு வகுப்புல பாதிப் பேர் நினைச்சிருந்தாங்க. இல்ல. காயோட பேரான ஏலம் ரொம்பப் பழசு, சமஸ்கிருதத்துல ஏலா. கூவி விக்கிற ஏலம் போர்ச்சுகீசியர்கள் கொண்டு வந்தது. அவங்க மொழியில 'லெய்லாவ்'ங்கிற சொல், அதுவும் அரபியில இருந்து அங்க போனது. ஜன்னல், சாவி, அலமாரி வந்த அதே கப்பல்ல வந்திறங்கி, நம்ம வாயில பட்டு 'ஏலம்' ஆயிடுச்சு. சம்பந்தமே இல்லாத ரெண்டு சொல் ஒரே ஒலியில வந்து, ஒரே ஊர்ல, ஒரே கட்டடத்துக்குள்ள உட்கார்ந்திருக்கு.

அறிவியல் பேர் இன்னும் சுவாரசியம்: எலெட்டாரியா கார்டமோமம். இந்த 'எலெட்டாரியா' லத்தீனோ கிரேக்கமோ இல்ல. கொச்சியில டச்சு கவர்னரா இருந்த வான் ரீடு தொகுத்து, 1678-ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 தொகுதியா அச்சான 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்'ல, உள்ளூர்ல சொன்ன பேரை அப்படியே எழுதி வச்சிருக்காங்க: ஏலத்தரி. அரின்னா மலையாளத்துல அரிசி, மணி, விதை. 1811-ல மேட்டன்ங்கிற ஆங்கிலேய மருத்துவர் அதையே பேரினப் பெயரா ஆக்கிட்டார். அதாவது உலகம் பூரா இந்தச் செடியைக் கூப்பிடுற பேரோட அர்த்தம் 'ஏலத்தோட விதை'. தோல் இல்ல. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

இப்ப ஊருக்கு வருவோம். பொட்டிபுரம்னா பேப்பர் படிக்கிறவங்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். மலைக்கு அடியில சுரங்கம் போட்டு 50,000 டன் இரும்பு வச்சு நியூட்ரினோவைப் பிடிக்கிற திட்டம்; 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, பெரிய எதிர்ப்புக்கும் வழக்குக்கும் உள்ளான கதை. அது தனிப் பதிவு. இங்க எனக்கு வேண்டியது அந்த மலையோட நிலை மட்டும். பொட்டிபுரத்துல நின்னு மேற்க பாத்தா மலை, அதுக்கு அந்தப் பக்கம் இடுக்கி. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் ஏறும்போதே மழையைக் கொட்டிட்டு, நம்ம பக்கம் இறங்கும்போது வெறும் காத்தா வரும். அதனால மேல ஏலத்தோட்டம், நிழல் மரம், ஈரம், அட்டைப்பூச்சி. கீழ கரட்டுக் காடும் வெயிலும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா உலகமே மாறிடும்.

'ஏலக்காய் நகரம்'னு பேர் வாங்கின போடியில, ஊருக்குள்ள தேடினா ஒரு ஏலச்செடி கிடைக்காது. ஆனா வியாபாரம் இங்க வந்ததுக்குக் காரணம் இருக்கு. காய்ஞ்ச ஏலக்காய் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினா நிறம் வெளுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காட்டுல வச்சிருக்கிறதை விட மழை மறைவுல இருக்கிற ஊர்ல வச்சிருக்கிறது புத்திசாலித்தனம். ஆளும் இங்கதான். இன்னைக்கும் விடியக்காலையில போடி, கம்பம் பக்கத்துல இருந்து ஜீப் ஜீப்பா தோட்ட வேலைக்கு மேல போறாங்க, பெரும்பாலும் பெண்கள். திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்துலயும் அந்த மலையில ஏலம் பயிர் செஞ்சவங்கள்ல நிறையப் பேர் மதுரை ஜில்லா கம்பம் பள்ளத்தாக்குக்காரங்கதான். அப்ப ஏலம் அரசாங்க ஏகபோகம். விளைஞ்சதை சர்க்கார்கிட்டதான் கொடுக்கணும். சர்க்கார் அதை ஆலப்புழைக்குக் கொண்டு போய் வித்துச்சு. ஆலப்புழையில துறைமுகம் இருந்ததால சரக்குக்கு அந்த ஊர் பேர் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் போடியில தரம் பிரிச்ச காய் மூட்டையில எழுதுறது 'ஆலப்பி கிரீன்'. விளையிறது இடுக்கி, விக்கிறது போடி, பேர் மட்டும் ஆலப்புழை! ஏகபோகம் 19-ஆம் நூற்றாண்டு முடியிற சமயத்துல போயிடுச்சு, பேர் போகல. 1928-ல மதுரையில இருந்து போடிக்கு ரயில் வந்ததும் சரக்கு போக நம்ம பக்கமே சுலபமான வழி ஆச்சு. (அந்த மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்குறோம்னு மூடினதுக்கு அப்புறம், போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் ஆயிடுச்சு. அதைப் பத்திப் புலம்ப ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது.)

ஏலம் நடக்கிற விதமும் மாறிடுச்சு. முன்னாடி வாயால கேட்பாங்க. 2007-ல இருந்து ஸ்பைசஸ் போர்டு மேற்பார்வையில மின்னணு ஏலம், போடியிலயும் இடுக்கி புத்தடியிலயும். ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காயைக் கொஞ்சம் கையில கொடுப்பாங்க. வியாபாரி அதைப் பாப்பார், உருட்டுவார், பட்டனை அமுக்குவார். சில நொடி வேலை. 2019 ஆகஸ்ட்ல ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது அந்த மாதிரி சில நொடியிலதான்.

அந்தச் சில நொடியில என்ன பாக்குறாங்க? அளவு, நிறம், கனம். அக்மார்க் தரத்துல ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டுன்னா காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில நிக்கணும், ஒரு லிட்டர் படியில அளந்தா 435 கிராமுக்குக் குறையக்கூடாது. அடுத்து போல்டு, 6 மில்லிமீட்டர், 415 கிராம். அடுத்து சுப்பீரியர், 5 மில்லிமீட்டர், 385 கிராம். இந்த லிட்டர் எடை ரொம்ப அழகான யோசனைன்னு எனக்குத் தோணுது. ஏலக்காயில மணம் விதையில. தோல்ல எண்ணெய் அநேகமா கிடையாது. காயை உடைக்காம உள்ள விதை ரொம்பியிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒரு லிட்டர் அளந்து நிறுத்துப் பாரு. உள்ள காலியா இருந்தா எடை காட்டிக் கொடுத்துடும். இதை யோசிச்ச ஆள் யாரா இருந்தாலும் நல்ல எஞ்சினியர்.

ஆனா விலையைத் தூக்குறது நிறமும் பருமனும். போன தடவை ஊருக்குப் போனப்ப, தரம் பிரிக்கிற ஷெட் வச்சிருக்கிற மாமா ஒருத்தர்கிட்ட உட்கார்ந்திருந்தேன். பெண்கள் வரிசையா உட்கார்ந்து காய் பொறுக்கிக்கிட்டிருந்தாங்க. ஓரமா ஒரு குவியல்.

"இது என்ன மாமா, தனியா தள்ளியிருக்கீங்க?"

"வெடிச்ச காய் மாப்ள. பாதி விலைக்குக் கேப்பான்."

"விதை கருகருன்னு நல்லாத்தான இருக்கு?"

"விதைய எவன் பாக்குறான்?"

வெடிச்ச காய்க்கு விலை குறையிறதுல ஒரு நியாயம் இருக்கு. தோல் வெறும் உறை இல்ல, அது ஒரு மூடி. பிளந்துட்டா எண்ணெய் ஆவியாயிடும். ஒரு வருஷம் குடோன்ல வச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறவனுக்கு அது நஷ்டம். ஆனா இந்த மாசம் வாங்கி இந்த மாசமே பொடிச்சுப் போடுற வீட்டுக்கு? பெரும்பாலும் நல்லா முத்தின காய்தான் காய வைக்கும்போது வாய் பிளக்கும். முத்தின காயோட விதைதான் கருப்பு.

சரி, பச்சை எதுக்கு? பறிச்ச காயில பெரும்பகுதி தண்ணி. அஞ்சு கிலோ பச்சைக் காய் காய்ஞ்சா சுமார் ஒரு கிலோ. மலையில இதுக்கு 'ஸ்டோர்'னு ஒரு கட்டடம் இருக்கும். கடை இல்ல, உலர்த்துற வீடு. வெளிய அடுப்பு, உள்ள தரையோட போற குழாய்ல சூடு, மேல அடுக்கடுக்கா தட்டு. 45-ல இருந்து 55 டிகிரி சூட்டுல ஒரு நாள் கிட்ட ஆகும். சூடு கூடினா தோல் பழுப்பாகும், வெடிக்கும், எண்ணெயும் போகும். குறைஞ்சா மஞ்சளாகும், பூஞ்சணம் வரும். ராத்திரி முழுக்க யாராவது ஒருத்தர் அடுப்பைப் பாத்துக்கிட்டு இருக்கணும்.

நிறம் மாறுறதுக்குப் பின்னாடி இருக்கிற வேதியியலை வகுப்புல கீரையை வச்சுக் காட்டினோம். மூணு பாத்திரத்துல கொதிக்கிற தண்ணி. ஒண்ணு சும்மா, ஒண்ணுல எலுமிச்சை, ஒண்ணுல ஒரு சிட்டிகை ஆப்பசோடா. எலுமிச்சையில போட்ட கீரை பாசி பிடிச்ச மாதிரி மங்கிடுச்சு. சோடாவுல போட்டது பிளாஸ்டிக் செடி மாதிரி பளபளன்னு நின்னுச்சு. பச்சையத்தோட மூலக்கூறு நடுவுல ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கு. சூடும் அமிலமும் சேர்ந்தா அது வெளிய போய், அந்த இடத்துக்கு ஹைட்ரஜன் வரும். பச்சை போய் பழுப்பு. செடியோட செல்லுக்குள்ளயே அமிலம் இருக்கு, சூட்டுல செல் உடைஞ்சா அது பச்சையத்து மேல பாயும். சோடா அந்த அமிலத்தை முறிக்கும். ஏலக்காய்க்கும் இதேதான். உலர்த்துறதுக்கு முன்னாடி 2 சதவீத வாஷிங் சோடா கரைசல்ல பத்து நிமிஷம் முக்கி எடுக்கிறது அங்கீகரிக்கப்பட்ட முறை. வெளிச்சமும் பச்சையத்தைக் கெடுக்கும்ங்கிறதால மூட்டைக்குள்ள கருப்பு பாலிதீன் போடுவாங்க. கண்ணாடி ஜாடியில அழகா அடுக்கி ஜன்னலோரம் வச்சிருக்கிறவங்க கவனிக்கவும்.

எல்லா நாட்டுக்காரனும் பச்சை கேக்கல. சவுதியிலயும் வளைகுடாவுலயும் லேசா வறுத்த காபியில ஏலக்காயை அள்ளிப் போடுவாங்க. அங்க பச்சைக் காய்க்குத்தான் மதிப்பு. ஸ்வீடன், பின்லாந்துல ஏலக்காய் பன் தேசிய உணவு மாதிரி. விதையைத்தான் இடிச்சு மாவுல போடுவாங்க, அதனால தோல் நிறம் பத்திக் கவலை இல்ல. ஐரோப்பாவுக்கு ஒரு காலத்துல கந்தகப் புகையில வெளுத்த வெள்ளை ஏலக்காய் நிறையப் போயிருக்கு. முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஜெர்மன் காபித் தோட்டக்காரர் குவாத்தமாலாவுக்கு ஏலத்தைக் கொண்டு போனார். இன்னைக்கு உலகத்துல அதிகம் ஏற்றுமதி பண்றது அந்த நாடுதான். அங்க வீட்ல சமையலுக்கு யாரும் பெரிசா பயன்படுத்துறதில்ல, அரபு நாட்டுக்காகவே விளையுது. அந்தப் போட்டி வந்ததுக்கு அப்புறம் நம்ம காய் 'பெரிசு, பச்சை'ன்னு தனியாத் தெரிய வேண்டிய கட்டாயம் இன்னும் கூடிப்போச்சு.

என் மாதிரி சாப்ட்வேர் ஆளுங்களுக்கு இந்த இடம் பழக்கமானது. 1975-ல குட்ஹார்ட்னு ஒரு பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சொன்னதை ஒட்டி ஒரு விதி சொல்லுவாங்க: ஒரு அளவுகோலையே இலக்கா ஆக்கிட்டா, அது நல்ல அளவுகோலா இருக்கிறது நின்னுடும். எத்தனை பக் சரி பண்ணினேன்னு கணக்கு வச்சு போனஸ் கொடுத்தா, பக்கை உண்டாக்கி சரி பண்ணுவாங்க இல்லையா, அது மாதிரி. பச்சை நிறம் முதல்ல நல்ல அளவுகோலாத்தான் இருந்துச்சு. சரியான பக்குவத்துல பறிச்சு, பொறுமையா, அளவான சூட்டுல உலர்த்தி, இருட்டுல வச்சா மட்டும்தான் பச்சை நிக்கும். அந்தக் கவனம் எண்ணெயையும் காப்பாத்தும். பச்சை எண்ணெய்க்கு சாட்சி. ஆனா காசு பச்சைக்கேன்னு ஆனதும், எண்ணெயைக் காப்பாத்தாம பச்சையை மட்டும் கொண்டு வர வழி தேடுவாங்க. பழுப்பான காய்க்குச் சாயம் ஏத்துறது அதுல ஒண்ணு. சட்டப்படி அதுக்கு அனுமதி கிடையாது.

சாயத்தைக் கண்டுபிடிக்கிறது சுலபம். பச்சையம் தண்ணியில கரையாது. உணவுக்குப் போடுற செயற்கைச் சாயம் கரையும். வெள்ளைக் கிண்ணத்துல பச்சைத் தண்ணி ஊத்தி நாலு காயைப் போட்டு பத்து நிமிஷம் விடுங்க. தண்ணி லேசா மஞ்சள், பழுப்பு ஆகலாம், அது இயற்கை. பச்சையானா கடைக்காரரை மாத்துங்க. வகுப்புக்கு ஆளாளுக்கு வீட்ல இருந்து கொண்டு வந்ததைப் போட்டுப் பாத்தோம். ஒரு கிண்ணம் மட்டும் நல்லா பச்சை விட்டுச்சு. அந்தக் காயைத்தான் ஆரம்பத்துல எல்லாரும் கையில வாங்கிப் பாத்து "எங்க வாங்கினீங்க?"ன்னு கேட்டிருந்தாங்க.

சாயம் சின்ன விஷயம். பெரிசு மருந்து. ஏலத்துக்கு இலைப்பேன்னு ஒரு பொடிப் பூச்சி உண்டு. பிஞ்சுக் காயோட தோலைச் சுரண்டி சாறு குடிக்கும். அந்த இடம் சொறியாகும். தாக்கு கடுமையா இருந்தா விதையும் சிறுத்துப் போகும். ஆனா லேசான சொறி தோலோட நின்னுடும், மணத்துக்கு ஒண்ணும் ஆகாது. விலைக்கு ஆகும். அதனால ஒரு புள்ளி கூட விழக்கூடாதுன்னு திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறாங்க. தண்டு துளைப்பான், காய் துளைப்பான் புழுவுக்கும் சேர்த்துத்தான். நாட்டுலயே ஏக்கருக்கு அதிகமா பூச்சிமருந்து வாங்குற பயிர்கள்ல ஏலமும் ஒண்ணுன்னு சொல்றதுக்கு இதுதான் அடிப்படை.

இதுல முரண் என்னன்னா ஏலப்பூ தேனீ இல்லாம சரியா காய் பிடிக்காது. பூ விடியக்காலையில விரிஞ்சு ஒரே நாள்ல வாடிடும். அந்தச் சில மணி நேரத்துல தேனீ வரணும். தோலைக் காப்பாத்த அடிக்கிற மருந்து காயை உண்டாக்குற பூச்சியையே கொல்லுது. அந்த மருந்தை முதுகுல பம்பு கட்டி அடிக்கிறது, அடிச்ச செடிக்கு நடுவுல உட்கார்ந்து காய் எடுக்கிறது, விடியக்காலை ஜீப்ல ஏறிப் போன எங்க ஊர் சனங்க.

2023 ஜனவரியில சபரிமலை அரவணைப் பாயசம் வழக்கு ஞாபகம் இருக்கா? அதுல போட்ட ஏலக்காயில அளவுக்கு மீறின பூச்சிமருந்து எச்சம் இருக்குன்னு கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தச் சொல்லிச்சு. ஆறரை லட்சத்துக்கும் மேல டின் அப்படியே நின்னுச்சு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2024-ல அந்த உத்தரவு ரத்தாச்சு. ஆனா அதுக்குள்ள பாயசம் பழசாகி, டின்னை அழிக்க வேண்டியதாச்சு. பாயசத்துக்குள்ள பொடியாப் போற காய்க்குப் புள்ளியில்லாத தோல் எதுக்கு? இந்தக் கேள்வியை வகுப்புல கேட்டது நான் இல்ல, பல் டாக்டர் அம்மா.

விதைக்குள்ள என்ன இருக்குன்னும் பாத்துடலாம். ஏலக்காய் எண்ணெயில முக்கியமா ரெண்டு பொருள்: 1,8-சினியோல், ஆல்ஃபா-டெர்பினைல் அசிடேட். சினியோல் யூகலிப்டஸ் தைலத்துல இருக்கிற அதே பொருள். நாக்குல குளிர்ச்சியை உணர்ற உறுப்பை மென்தால் தட்டுற மாதிரி இதுவும் தட்டும். அதனாலதான் ஏலக்காய் மென்னா வாய்க்குள்ள காத்து ஜில்லுன்னு போகும். சினியோல் மட்டும் தூக்கலா இருந்தா தைல வாசனை அடிக்கும். அந்த இனிப்பான பூ மணம் ரெண்டாவது ஆள் தர்றது.

சினியோலோட கொதிநிலை 176 டிகிரி. தண்ணி 100-ல கொதிக்குது, அப்ப டீ கொதிக்கும்போது மணம் பத்திரமா இருக்கும்னுதானே தோணும்? இருக்காது. ஒண்ணோட ஒண்ணு கலக்காத ரெண்டு திரவம் சேர்ந்து சூடாகும்போது ரெண்டோட ஆவி அழுத்தமும் கூடிக்கும். எண்ணெய் தன் கொதிநிலைக்கு ரொம்பக் கீழயே நீராவியோட கிளம்பிடும். நீலகிரித் தைலம் காய்ச்சுறது இந்த முறையிலதான். டீ போடும்போது வீடே மணந்தா, அந்த மணம் டம்ளர்ல இருந்து கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு டீ போட்டுப் பாத்தோம்: ஒண்ணுல முதல்லயே ஏலக்காய் தட்டிப் போட்டு அஞ்சு நிமிஷம் கொதி, இன்னொண்ணுல அடுப்பை அணைச்சுட்டுப் போட்டு மூடி வச்சது. குடிச்சவங்க யாருக்கும் சந்தேகம் வரல. பாலும் நெய்யும் இருந்தா எண்ணெய் அதுல கரைஞ்சு தங்கும், அதனால பாயசத்துல கடைசியில போடுறதுதான் சரி. சர்க்கரையோட சேர்த்துப் பொடிக்கச் சொல்ற பாட்டி கணக்கும் சரிதான். சர்க்கரை மணி உரசி விதையை உடைக்கும், வெளிய வர்ற எண்ணெயையும் பிடிச்சு வச்சுக்கும்.

கடைசியா அந்த ரெண்டு கிண்ணம். எல்லாரையும் திரும்பி உட்காரச் சொல்லி, ரெண்டுல இருந்தும் விதையை மட்டும் எடுத்து, இடிச்சு, எண் போட்ட கப்புல கொடுத்தோம். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். இது ஆராய்ச்சி இல்ல, பன்னிரண்டு மூக்கு, அவ்வளவுதான். அதுல ஒருத்தருக்கு ஜலதோஷம் வேற. ஆனா விலையில இருந்த வித்தியாசம் மூக்குக்குத் தெரியல.

வீட்டுக்கு வாங்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். முழுக் காயா வாங்குங்க, பொடியா வேண்டாம். ஒரு காயை உடைச்சுப் பாருங்க: விதை கருப்பா, ஒட்டும் பிசுக்கோட, மூணு அறையிலயும் ரொம்பியிருக்கணும். வெள்ளையா, உலர்ந்து, உதிர்ந்தா வேண்டாம். தோல்ல ரெண்டு புள்ளி இருந்தா விட்டுடுங்க. ஒரு மாசத்துக்குள்ள தீர்ந்துடும்னா வெடிச்ச காய் கேட்டு வாங்குங்க, எங்க மாமா சந்தோஷமா கொடுப்பார். இருட்டான டின்ல, இறுக்க மூடி வைங்க. பத்து கிராம் காயை உரிச்சா கிட்டத்தட்ட ஏழு கிராம் விதை வரும். மீதி மூணு கிராம் தோலை டீத்தூள் டப்பாவுல போட்டு வச்சிடுங்க.

அடுத்த மாசம் கருவாடு. அதுக்கு ஹால் கொடுக்கிறதா வேண்டாமான்னு அசோசியேஷன்ல பேச்சு நடந்துக்கிட்டிருக்கு.